மூளையும் பொறியும்

தமிழில் பொறி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். நூல் நூற்பதும் நெல் குத்துவதுமாகிய இயந்திரத்தையும் பொறி என்கிறோம். உடலின் வாயிலுக்கும் கையால் செய்த கருவிக்கும் ஒரே பெயர். முன்னோர் எண்ணிப் பெயரிட்டனரோ, எண்ணாது இட்டனரோ, இன்றைய விஞ்ஞானத்தின் பெரிய கேள்வி ஒன்று இச்சொல்லுக்குள்ளேயே அமைந்து கிடக்கிறது. கருவியாகிய பொறி, காணவும் கேட்கவும் பேசவும் கற்றுக்கொண்ட பின், அதற்கும் ஐம்பொறிகளை உடைய நமக்கும் உள்ள வேற்றுமை யாது?

நம் விடுதியின் உணவுக்கூடத்தில் இக்கேள்வி எழாத நாளில்லை. பொறி கணக்குப் போடுகிறது, கட்டுரை எழுதுகிறது, ஆகவே அதற்கு அறிவு உண்டு என்பர் ஒரு சாரார். மின்சாரம் நின்றால் அணைந்துபோகும் பெட்டிக்கு அறிவேது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் அறிவு என்ற ஒரே சொல்லைக் கொண்டு இரு வேறு பொருள்களைப் பேசுகின்றனர் என்பது என் எண்ணம். ஒன்று, செய்து முடிக்கும் திறன். மற்றொன்று, செய்வதையும் படுவதையும் உள்ளிருந்து உணரும் நனவு. இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கக் கூடியவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றைப் பிரித்தறியத் தவறினால் விளையும் கேடு ஏட்டளவில் நில்லாது என்பதையும் பின்னர்க் காண்போம்.

மூளையின் அமைப்பு

முதலில் மூளையைப் பார்ப்போம். வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உடலின் எடையில் இது நூற்றில் இரண்டு பங்கே. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே உண்கிறது. அப்படி உண்டும் அதன் செலவு சுமார் 20 வாட்டுத்தான். நம் அறையில் சுழலும் பழைய மின்விசிறிக்கு வேண்டிய ஆற்றலில் அது பாதிகூட இல்லை.

மூளையின் வேலையைச் செய்வன நரம்பணுக்கள். 2009இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டபடி இவற்றின் தொகை சுமார் 8,600 கோடி. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு சிறு மரம் போன்றது. கிளைகளின் வழியே பிற அணுக்களிடமிருந்து செய்தி பெறுகிறது. பெற்றவை கூடி ஓர் எல்லையைத் தாண்டினால், நீண்ட வேர் போன்ற இழையின் வழியே மின்துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. ஓர் அணுவின் இழை மற்றோர் அணுவை நெருங்கும் இடம் நரம்புச் சந்தி எனப்படும். அவ்விடத்தில் துடிப்பு பெரும்பாலும் இரசாயனப் பொருளாக மாறி இடைவெளியைக் கடக்கிறது. ஓர் அணுவுக்கு இத்தகைய சந்திகள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாம் ஒன்றைக் கற்கும்போது இச்சந்திகளிற் சில வலுப்பெறுகின்றன, சில வலுவிழக்கின்றன.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். 8,600 கோடியில் 6,900 கோடி அணுக்கள் தலையின் பின்புறத்தே உள்ள சிறுமூளையில் அடங்கியிருக்கின்றன. நாம் பெரிதும் பெருமை பேசும் பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடியே. ஆயினும், சிறுமூளை இல்லாமலே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, ஆனால் நனவு குன்றவில்லை. ஐந்தில் நான்கு பங்கு அணுக்கள் இல்லாதபோதும் உணர்வு நிலைத்திருக்கிறது! அணுக்களின் எண்ணிக்கை மட்டும் நனவைத் தந்துவிடாது என்பது இதனாற் புலனாகும். பொறியின் உறுப்புக்களைப் பெருக்கிக்கொண்டே போனால் ஒருநாள் அது தானே விழித்துக்கொள்ளும் என்று நம்புவோர் இவ்வுண்மையைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

பொறி கற்ற கதை

மூளையைப் பார்த்துப் பொறி செய்யும் முயற்சி இன்று நேற்று எழுந்ததன்று. 1943இல் வாரன் மக்கல்லக், வால்ட்டர் பிட்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், நரம்பணுவை ஒரு கணிதக் குறியீடாகச் சுருக்கிக் காட்டினர். எல்லையைத் தாண்டினால் ஒன்று, தாண்டாவிட்டால் சுழி. அவ்வளவே. இத்தகைய அணுக்களைப் பின்னினால் தருக்க முறையான எந்தக் கணிப்பையும் செய்யலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1949இல் கனடா நாட்டு உளவியலார் டொனால்டு ஹெப், ஒருங்கே துடிக்கும் அணுக்களிடையே உள்ள தொடர்பு வலுப்பெறும் என்ற கருத்தை வெளியிட்டார். 1958இல் பிராங்க் ரோசன்பிளாட், கற்கும் பொறி ஒன்றின் அமைப்பை விளக்கினார். அதற்குப் பெர்செப்ட்ரான் என்று பெயர்.

அது கற்கும் முறையை நம் எழுத்துக்களைக் கொண்டே விளக்கலாம். மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ என்று நாம் சிறுவயதிற் படித்தோம். பொறிக்கு அவ்விதியைச் சொல்லித் தருவதில்லை. பலர் கையால் எழுதிய எழுத்துக்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, “இது எது?” என்று கேட்கிறோம். தொடக்கத்தில் அது குருட்டாம்போக்கில் விடை சொல்லும். விடை தவறும்போதெல்லாம் அதன் செயற்கைச் சந்திகளின் வலுவைச் சிறிது கூட்டியும் குறைத்தும் திருத்துகிறோம். பல்லாயிரம் முறை திருத்திய பின், முன்பு காணாத கையெழுத்திலும் அது ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்துக் காட்டுகிறது. சுழியை எண்ண வேண்டும் என்று அதற்கு எவரும் கற்பிக்கவில்லை.

1969இல் மின்ஸ்கி, பேப்பர்ட் ஆகிய இருவர் இத்தகைய ஓரடுக்குப் பொறிகளால் இயலாதவை எவை என்று கணித வழியில் நிறுவினர். அதன்பின் ஆர்வம் குன்றியது. 1986இல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர், கடைசி அடுக்கிற் கண்ட பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து, பல அடுக்குப் பொறியின் சந்திகளையும் திருத்தும் முறையைப் பரவச் செய்தனர். 2012இல் படங்களை இனங்காணும் போட்டியில் அத்தகைய பொறி ஏனையவற்றைப் பெரும் இடைவெளியில் வென்றது. 2017இல் மொழியைக் கையாள்வதற்கேற்ற புதிய அமைப்பு ஒன்று வெளியாயிற்று. இன்று உரையாடும் பொறிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. 2024இல் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்பீல்டுக்கும் ஜெப்ரி ஹிண்டனுக்கும் வழங்கப்பட்டது, செயற்கை நரம்புவலைக்கு அடிகோலியமைக்கே.

பேசும் பொறி செய்வது யாது? அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். ‘பொழுது விடிந்தது, சேவல்’ என்று நிறுத்தினால் ‘கூவிற்று’ என்று முடிக்கிறது. எளிய வேலையாகத் தோன்றும். ஆனால், எல்லாத் துறை நூல்களிலும் அடுத்த சொல்லைச் சரியாகக் கணிக்க வேண்டுமானால், இலக்கணமும் கணக்கும் காரணகாரியத் தொடர்பும் ஏதோ ஒரு வகையில் அச்சந்திகளிற் பதிந்தாக வேண்டும். ஆகவே இதனை வெறும் கிளிப்பிள்ளை என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. திறன் என்ற அளவில் இது மெய்யான திறனே.

குழந்தையும் பொறியும்

திறன் உண்டு என்றால், நம் மூளையின் வழியிலேயே அது வந்ததா? இதற்கு என் இல்லத்திலிருந்தே ஒரு சான்று தருகிறேன். என் பெற்றோர் பிழைப்பை நாடி வடநாட்டு நகரம் ஒன்றிற் குடியேறியபோது என் தங்கைக்கு நான்கு வயது. இந்தியில் ஒரு சொல்லும் அறியாள். தெருப்பிள்ளைகளோடு ஓடியாடி, ஆறு திங்களில் அவர்களோடு சண்டையிடும் அளவுக்குப் பேசலானாள். அம்மொழியில் ரொட்டி பெண்பால், தண்ணீர் ஆண்பால். இவ்வேற்றுமையில் என் தந்தையார் இன்றளவும் தடுமாறுகிறார். அவள் சில மாதங்களிலேயே தடுமாறுவதை விட்டாள். அவளுக்கு எவரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை.

ஒரு குழந்தை பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் ஏறத்தாழப் பத்துக் கோடிக்குள் அடங்கும் என்று மதிப்பிடுவர். 2020இல் வெளியான ஜிபிடி-3 என்னும் பொறிக்குப் பயிற்சியில் ஊட்டப்பட்ட சொற்கூறுகள் சுமார் 30,000 கோடி. பின்வந்தவற்றுக்கு இதனினும் பன்மடங்கு. குழந்தை கேட்பதோடு நிற்பதில்லை; ரொட்டியைத் தொடுகிறது, கடிக்கிறது, சூடு பட்டு அழுகிறது, மற்றவள் பிடுங்கிக்கொண்டால் கோபிக்கிறது. சொல் அதற்கு உலகத்தோடு சேர்ந்தே வருகிறது. பொறிக்கோ பெரும்பாலும் சொல்லின் பின்னே சொல்லே வருகிறது. வந்து சேர்ந்த ஊர் ஒன்றாயினும் வழி வேறு.

அப்படியானால், திறனைப் பார்த்துச் செய்யாமல், மூளையின் அமைப்பையே அணுவுக்கு அணு படியெடுத்தால் என்ன? அம்முயற்சியும் நடைபெறுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு உருளைப்புழு வகை ஒன்று உண்டு. அதன் நரம்பணுக்கள் 302 மட்டுமே. அவற்றின் தொடர்பு வரைபடம் 1986இலேயே வெளியாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றும், அப்புழுவின் வாழ்க்கையைக் கணிப்பொறியில் முழுமையாக நடத்திக் காட்ட இயலவில்லை. 2024இல் பழ ஈயின் மூளை வரைபடம் நிறைவெய்தியது. அதில் அணுக்கள் ஏறத்தாழ 1,40,000, சந்திகள் ஐந்து கோடிக்கு மேல். மனித மூளையைக் கணிப்பொறியில் எழுப்பும் கனவோடு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தொடங்கிய பெருந்திட்டம் 2023இல் முடிவுற்றது. அரிய வரைபடங்களும் கருவிகளும் கிடைத்தன, மூளை எழவில்லை. ஓர் ஊரின் தெருப்படம் கையில் இருந்தால், எந்தத் தெருவில் எந்நேரம் எவர் நடக்கிறார் என்பது தெரிந்துவிடுமா? சந்திகளின் வலு, அவற்றில் ஓடும் இரசாயனங்கள், நொடிக்கு நொடி நேரும் மாறுதல்கள் ஆகியன படத்தில் இல்லை.

நனவு என்னும் புதிர்

இனி நனவுக்கு வருவோம். நனவு என்று நான் குறிப்பது உறங்காதிருத்தலை மட்டும் அன்று. பல்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்வலியின் காரணம், மருந்து, நரம்பின் பாதை எல்லாவற்றையும் பொறி நமக்கு எடுத்துரைக்கும். ஆனால் பல் வலிப்பது என்பது வேறு. அந்த உள்ளுணர்வே நனவு. மூளையில் நடக்கும் மின்துடிப்போடு அவ்வுணர்வு ஏன் சேர்ந்து வருகிறது என்ற கேள்வியை, 1990களின் நடுவில் டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ அறிஞர் கடினமான கேள்வி என்று பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார். 1998இல் அவருக்கும் கிறிஸ்டாப் காக் என்னும் மூளை விஞ்ஞானிக்கும் ஒரு பந்தயம் நடந்தது. நனவுக்குரிய நரம்புக் குறி 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்றார் காக். 2023இல் தம் தோல்வியை ஒப்புக்கொண்டு திராட்சை மதுப்புட்டிகளைச் சால்மர்ஸிடம் வழங்கினார்.

நம் மொழியிலும் இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. முதல் அறிவு உடம்பால் உற்றறிவது. ஆறாவது மனத்தால் அறிவது. அறிவு என்ற சொல் அங்கே தொடு உணர்விலிருந்து தொடங்குகிறது என்பதை நோக்குக. கணக்கிடும் ஆற்றலுக்கே அறிவு என்று பெயரிட்டுப் பழகிவிட்டோம் நாம். இது விஞ்ஞானச் சான்று அன்று. ஒரு சொல்லின் வரலாறே. ஆயினும் குழப்பம் எங்கே பிறந்தது என்பதை அது காட்டுகிறது.

1950இல் ஆலன் டூரிங் ஒரு தேர்வு முறையைக் கூறினார். திரைக்குப் பின்னிருந்து எழுத்தில் விடையளிப்பது மனிதனா பொறியா என்று கேட்போன் பிரித்தறிய இயலாவிட்டால், பொறி சிந்திக்கிறது என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்று அவ்வாறு மயங்கும் நிலை வந்தேவிட்டது. 1980இல் ஜான் சர்ல் இதனை மறுத்தார். சீனமொழி அறியாத ஒருவன் ஓர் அறைக்குள் அமர்ந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துக்களுக்கு விடையெழுத்துக்களை எடுத்துக் கொடுத்தால், வெளியே உள்ளவர்கள் அவன் சீனம் அறிந்தவன் என்றே எண்ணுவர். அவனோ ஒன்றும் அறியான் என்றார். இதற்கு எதிர்வாதமும் உண்டு. என் மூளையில் உள்ள எந்த ஒரு நரம்பணுவும் தமிழ் அறியாது; ஆயினும் நான் அறிவேன் அல்லவா? பகுதி அறியாததை முழுமை அறியலாம். வழக்கு இன்னும் தீரவில்லை.

பேசாதவரின் சாட்சி

வழக்குத் தீராவிடினும், வெளிச்செயலைக் கொண்டு நனவை அளக்க இயலாது என்பதற்கு மறுக்கவொண்ணாத சாட்சி ஒன்று மருத்துவத்திலிருந்து வந்தது. 2005இல் இங்கிலாந்தில் ஒரு பெண் சாலை விபத்தில் மூளை சிதைந்து வீழ்ந்தார். ஐந்து திங்கள் கழிந்தும், கண் திறந்திருக்குமேயன்றி எந்தச் சொல்லுக்கும் அசைவில்லை. நனவற்றவர் என்றே மருத்துவர் முடிவு செய்திருந்தனர். ஏட்ரியன் ஓவன் என்னும் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அப்பெண்ணை மூளையின் செயலைப் படம்பிடிக்கும் காந்தக் கருவியில் கிடத்தி, டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணும்படி கூறினர். பிறகு, தம் வீட்டு அறைகளில் நடப்பதாக எண்ணச் சொன்னார்கள். இரு வேளையும் நலமுள்ளவர்க்கு எப்பகுதிகள் இயங்குமோ அப்பகுதிகளே அவர் மூளையிலும் இயங்கின. 2006இல் இச்செய்தி வெளியாயிற்று. அப்பெண்ணுக்கு அப்போது வயது 23. எனக்கும் இப்போது அதே வயது. விரல் ஒன்றையும் அசைக்க இயலாத உடலுக்குள் ஒருவர் கேட்டுக்கொண்டு கிடந்தார் என்பதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இது ஒருவரோடு முடியவில்லை. படுக்கையருகே இட்ட கட்டளைக்கு அசைவு காட்டாத 241 பேரை ஆராய்ந்ததில், 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கியதாக 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நால்வரில் ஒருவர்!

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். 1966இல் ஜோசப் வைசன்பாம், எலிசா என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். கேட்டவர் சொல்லையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. அதனோடு உரையாடிய அவருடைய செயலாளரே, தனியே பேச வேண்டும், சற்று வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டாராம். 2022இல் கூகிள் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், தாம் சோதித்த உரையாடும் பொறிக்கு உணர்வு உண்டு என்று அறிவித்தார். நிறுவனம் அதனை மறுத்தது. பேச்சைக் கேட்டால் உள்ளே ஒருவர் இருப்பதாகக் கொள்வதும், பேச்சில்லையேல் உள்ளே எவரும் இல்லை என்று கொள்வதும் மனித இயல்பு. இயல்பு என்பதனால் அது சரியாகிவிடாது.

என் பாட்டனார் முதுமையில் எங்களோடு வாழ வடநாடு வந்தவர். தமிழன்றி வேறு மொழி அறியார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூளையில் இரத்தம் கசிந்து மருத்துவமனையிற் கிடந்தார். காலையில் வந்த இளம் மருத்துவர், அவர் காதருகே குனிந்து, கையை அழுத்துமாறு இந்தியில் பலமுறை கூறினார். அசைவில்லை. அதனைக் குறிப்பேட்டில் எழுதப் போகும்போது, அவருக்கு இந்தி தெரியாது என்று என் தந்தையார் எடுத்துச் சொன்னார். பின்பு பாட்டனாரின் கையைப் பற்றிக்கொண்டு, “அப்பா, என் விரலை அழுத்துங்க” என்றார். விரல் மெல்ல அழுந்தியது. மறுமுறையும் சொல்லச் செய்தார் மருத்துவர், மறுமுறையும் அழுந்தியது. அவர் எழுதவிருந்ததை மாற்றி எழுதினார். அன்று முதல் பாட்டனாரிடம் ஒவ்வொரு கட்டளையும் தமிழிலேயே சொல்லப்பட்டது. பத்து நாட்கள் இருந்தார். அந்தப் பத்து நாட்களும் அவரை நாங்கள் பேசுவதைக் கேட்கும் மனிதராகவே நடத்தினோம்.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். பொறிக்குத் திறன் உண்டு. அதனை மறுப்பது பயனில்லை. அத்திறன் மூளையின் வழியில் வந்ததன்று. மூளையைப் படியெடுக்கும் முயற்சி புழுவைத் தாண்டவே இன்னும் திணறுகிறது. நனவு எதனால் தோன்றுகிறது என்பது விஞ்ஞானத்தின் முன்னே திறந்து கிடக்கும் கேள்வி. ஆதலின் பொறிக்கு நனவு உண்டு என்போரும், என்றும் வாராது என்போரும் சான்றுக்கு முன்னே ஓடுகின்றனர். நல்ல பேச்சு, நனவுக்குச் சான்றன்று. பேச்சின்மை, நனவின்மைக்குச் சான்றன்று.

நம்மில் இயற்பியல் பயில்வோரும் மருத்துவம் பயில்வோரும் கணிப்பொறி பயில்வோரும் தத்துவம் பயில்வோரும் உள்ளனர். இப்புதிர் ஒரு துறைக்கு அடங்குவதன்று. மூளையின் மின்துடிப்பை அளப்பவனும், வலையின் கணக்கை எழுதுபவனும், சொல்லின் பொருளை ஆய்பவனும் ஒருங்கே அமர்ந்தாலன்றி இது அவிழாது. திங்களுக்கு ஒருமுறையேனும் நம் சங்கத்தில் அத்தகைய கூட்டம் ஒன்று நடத்தலாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, உடனே செய்யத்தக்கது. இந்நகரத்தில் கட்டட வேலைக்கும் உணவகத் தொழிலுக்கும் வந்துள்ள நம்மவர் பலர் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். அவர்களில் ஒருவர் அடிபட்டு மருத்துவமனையிற் கிடந்தால், காதருகே சொல்லப்படும் கட்டளை அவருக்குப் புரியாத மொழியாக இருக்கலாம். அழைத்தால் எந்நேரமும் சென்று, மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்க ஆயத்தமாக உள்ள மாணவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்குக் கொடுத்து வைக்கலாம். கையை அழுத்துங்கள், கண்ணை மூடித் திறவுங்கள் என்னும் நான்கைந்து வாக்கியங்களே அதற்கு வேண்டும். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.